செத்தவர் எழுதியது, இருப்பவர் படிப்பது

முதல் உலகப் போரில் மேற்கு பெல்ஜியத்தின் ஈப்பர் நகரைச் சுற்றி நடந்த சண்டைகளைப் புத்தகத்தில் படிக்கிறவர், அங்கே பெரிய மலைத்தொடரே இருப்பதாக நினைத்துக்கொள்வார். அந்தக் குன்றைப் பிடித்தார்கள், இந்த மேட்டை இழந்தார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். நேரில் போனால் எல்லாம் தட்டை. ‘அறுபதாம் குன்று’ என்று பேர்பெற்ற இடம் கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டர்தான். அதுவும் ரயில் பாதைக்காக வெட்டிய மண்ணைக் கொட்டியதால் எழுந்த மேடு. பரங்கிமலைப் படி ஏறிப் பழகியவர்கள் இதைக் குன்று என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். இதைப் பிடிக்கவும் காக்கவும் அடியில் சுரங்கம் தோண்டினார்கள், வெடி வைத்தார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தண்ணீர் தேங்கும் களிமண் பூமியில் கொஞ்சம் உயரம் கிடைத்தாலும் எதிரியின் பதுங்குகுழியை எட்டிப் பார்க்கலாம்; தன் குழியில் முழங்கால் தண்ணீரில் நிற்கவும் வேண்டாம்.

லண்டன் புறநகரில் என் மகன் படிக்கும் பள்ளி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இலக்கியச் சுற்றுலாவாக இங்கே கூட்டிவந்தது. அவர்களுடைய பொதுத்தேர்வில் போர்க்கவிதைகளும் உண்டு. எழுதப்பட்ட மண்ணிலேயே நின்று படிக்கட்டும் என்பது ஆங்கில ஆசிரியையின் எண்ணம். துணைக்குப் பெற்றோர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், போனேன். தலை எண்ணுவது, வாந்திப் பை நீட்டுவது, கழிப்பறை வாசலில் காவல் நிற்பது ஆகியவை என் பொறுப்பு. டோவரில் கப்பல் ஏறி, கலேயில் இறங்கி, எல்லை தாண்டியதே தெரியாமல் பெல்ஜியத்துக்குள் வந்துவிட்டோம்.

அக்டோபர் மாதம். வயலோரங்களில் அப்போதுதான் பிடுங்கிய சர்க்கரைக் கிழங்கு மண்ணோடு குவிந்து கிடந்தது. ஒரு திருப்பத்தில் பேருந்து ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, கை காட்டினார். கான்கிரீட் மின்கம்பத்தின் அடியில், பால் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனதுபோல, ஒரு பீரங்கிக் குண்டு. துருவேறி, மண் அப்பி, முழங்கை நீளம் இருந்தது. உழும்போது கலப்பையில் மாட்டுவதை விவசாயிகள் இப்படிக் கம்பத்தடியில் வைத்துவிட்டுத் தகவல் சொல்வார்கள். ராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவு வந்து அள்ளிக்கொண்டு போகும். சிலவற்றுக்குள் விஷவாயு இன்னும் அப்படியே இருக்கிறது. 1914இல் தொடங்கிய போரின் அறுவடை வருஷா வருஷம் நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் ஒரே பக்கம் சாய்ந்து போட்டோ எடுத்தார்கள்.

முதலில் நின்றது எசெக்ஸ் ஃபார்ம் கல்லறைத் தோட்டம். ஈப்பருக்கு வடக்கே கால்வாய்க் கரையில் இருக்கிறது. ஜான் மெக்ரே என்ற கனடிய ராணுவ மருத்துவர் 1915 மே மாதம் இங்கேதான் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று காட்டும் கான்கிரீட் அறைகள் பின்னால் கட்டியவை. அவர் இருந்தபோது கரையில் தோண்டிய பொந்துகள்தான். அலெக்சிஸ் ஹெல்மர் என்ற நண்பர் மே 2ஆம் தேதி குண்டு பட்டுச் செத்தார். புதைத்த சூட்டில் மெக்ரே எழுதிய கவிதை அந்த வருஷம் டிசம்பரில் லண்டனின் ‘பஞ்ச்’ பத்திரிகையில் வந்தது. ஃபிளாண்டர்ஸ் என்ற இந்த வட்டாரத்தின் வயல்களில் பூக்கும் சிவப்பு பாப்பி உலகமெங்கும் சட்டையில் குத்தும் பூவானது அதன் புண்ணியத்தால்தான்.

ஆசிரியை யாரையும் அழவிடவில்லை. “இந்தக் கவிதை சமாதானம் கேட்கிறதா?” என்று கேட்டார். ஆமாம் என்று ஏகப்பட்ட குரல்கள். பூ, பறவை, கல்லறை எல்லாம் வருகிறதே. கடைசிப் பகுதியை மட்டும் உரக்கப் படிக்கச் சொன்னார். படித்த பையன் பாதியில் தயங்கினான். செத்தவர்கள் அங்கே கேட்பது வேறு: எங்கள் சண்டையை நீங்கள் தொடருங்கள், கைவிட்டால் எங்களுக்குத் தூக்கமில்லை என்கிறார்கள். 1917இல் கனடாவில் போர்க்கடன் பத்திரம் விற்க இந்தக் கவிதையை விளம்பரமாக்கியதில் ஆச்சரியம் இல்லை. கவிதையைத் திரித்துவிட்டார்கள் என்றும் புகார் சொல்ல முடியாது. கவிதையிலேயே அது இருந்தது. பாடப்புத்தகத்தில் எதிர்ப்பக்கம், போரைப் புகழ்வதைப் பொய் என்ற வில்ஃப்ரெட் ஓவன். இரண்டையும் ‘போர்க்கவிதை’ என்ற ஒரே பெட்டியில் போட்டு, இரண்டும் ஒன்றையே சொல்வதாகப் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அந்த நினைப்பை உடைப்பதற்காகவே அவர் இத்தனை தூரம் கூட்டிவந்தார் என்று போகப்போகப் புரிந்தது.

அதே தோட்டத்தில் வேலன்டைன் ஸ்ட்ரட்விக் என்ற பையனின் கல்லறை இருக்கிறது. 1916 ஜனவரியில் செத்தபோது அவனுக்கு 15 வயது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்களில் அந்த ஒரு கல்லின் முன்னால் மட்டும் காகிதப் பூக்களும் சின்னச் சின்ன மரச்சிலுவைகளும் குவிந்து கிடக்கின்றன. வருகிற பள்ளிகளெல்லாம் பிள்ளைகளை நேரே இங்கேதான் நிறுத்துகின்றன. உன் வயசுதான் இவனுக்கும் என்றால் பிள்ளையின் முகம் உடனே மாறும், வாஸ்தவம்தான். அந்த வழி எனக்குக் கொஞ்சம் சுளுவாகப் படுகிறது. பக்கத்துக் கல்லில் இருக்கும் முப்பத்தெட்டு வயதுக்காரருக்காக யார் பூ வைப்பது? ஆசிரியையும் அங்கே அதிக நேரம் நிற்கவிடவில்லை.

பேருந்தில் மகன் கேட்டான். “அப்பா, உங்க ஸ்கூல்ல போர்க்கவிதை இருந்ததா?” இல்லாமலா. புறநானூறு முழுக்க அதுதானே. ஒக்கூர் மாசாத்தியார் பாட்டைச் சொன்னேன். ஒரு சண்டையில் தந்தையை இழந்தவள், இன்னொன்றில் கணவனை இழந்தவள், இன்று மறுபடி பறை கேட்டதும், இருக்கும் ஒரே மகனைக் கூப்பிட்டு, தலையில் எண்ணெய் தடவிச் சீவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். ‘தமிழ்த்தாயின் வீரம்’ என்று எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “பையன் என்ன சொன்னான்?” என்றான் பிறகு. பாட்டில் பையன் பேசுவதே இல்லை. அது வகுப்பில் யாருக்கும் தோன்றியதும் இல்லை. பாடுகிற மாசாத்தியார் அவளுடைய துணிவைக் கண்டு திடுக்கிட்டு, ஏறக்குறையச் சபித்துக்கொண்டேதான் பாட்டைத் தொடங்குகிறார். அந்தத் திடுக்கிடலைப் பெருமையாக்கிக் கொடுத்தது எங்கள் நோட்ஸ்.

ஓவனுக்கும் அப்படியொரு தாய்க்குரல் எதிரே இருந்தது. ஜெசி போப் என்ற பெண்மணி, வீட்டில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைக் குத்திக்காட்டிப் போருக்குக் கிளப்பும் துள்ளல் பாட்டுகளைச் செய்தித்தாளில் எழுதிவந்தார். 1917இல் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் ராணுவ மருத்துவமனையில் இருந்தபோது, விஷவாயுவில் ஒருவன் மூச்சுமுட்டிச் சாவதை ஓவன் கவிதையாக்கினார். கையெழுத்துப் பிரதியில் முதலில் ஜெசி போப்புக்கு என்று போட்டு, பிறகு அடித்திருக்கிறார். நாட்டுக்காகச் சாவது இனிது என்ற ஹொராசின் லத்தீன் வரியைத் தலைப்பாக்கி, அதைப் பழைய பொய் என்றார். ஹொராசும் பள்ளியில் மனப்பாடம் செய்ய வைத்த கவிஞர்தான்.

லாங்கமார்க் கிராமத்தில் ஜெர்மானியர்களின் கல்லறைத் தோட்டம். பிரிட்டிஷ் தோட்டங்களில் வெள்ளைக் கல், ரோஜாச் செடி, வெட்டிய புல். இங்கே ஓக் மரங்களின் இருட்டு. தரையோடு படிந்த கறுப்புப் பலகைகள். 44,000க்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள். அதில் ஏறக்குறைய 25,000 பேர் ஒரே குழியில். 1914 நவம்பரில் ஜெர்மன் ராணுவத் தலைமை ஓர் அறிக்கை விட்டது: இளம் படைகள் லாங்கமார்க்குக்கு மேற்கே தேசப்பாட்டைப் பாடிக்கொண்டே எதிரியின் மேல் பாய்ந்தன என்று. கல்லூரிப் பிள்ளைகள் பாடியபடி செத்த கதையாக அது ஊதிப் பெருத்தது. உண்மையில் அந்தப் படைகளில் மாணவர்கள் சிறுபான்மைதான். குண்டுமழையில், பிடுங்காத கிழங்கு வயலில் ஓடியவர்கள் என்ன பாடியிருப்பார்கள் என்பதும் சந்தேகம். ஆனால் ஒரு தலைமுறைப் பள்ளிப்பிள்ளைகளுக்கு லாங்கமார்க் பாடமாயிற்று. 1940 ஜூனில் பெல்ஜியத்தைப் பிடித்ததும் ஹிட்லர் இங்கே வந்து நின்றார்.

குழுவில் யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் மகள் ஒருத்தி இருந்தாள். லண்டனில் பிறந்தவள். கறுப்புப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தவள் என்னிடம் தமிழில் சொன்னாள்: “அங்கிள், தோத்த ஆக்களுக்கும் இடம் விட்டிருக்கினம்.” வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த மாவீரர் துயிலும் இல்லங்களை இலங்கை ராணுவம் புல்டோசர் வைத்து இடித்ததை அவள் வீட்டில் பேசக் கேட்டிருப்பாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. படையெடுத்து வந்து நாலு வருஷம் ஊரை அழித்த படையின் பிணங்களுக்குப் பெல்ஜியம் மண் கொடுத்திருக்கிறது, மரத்தைக்கூட வெட்டவில்லை. அவள் ஆசிரியையிடம் அதைச் சொல்லவில்லை. பணித்தாளில் அதற்குக் கட்டமும் இல்லை.

எனக்கு இந்தப் பயணத்தில் பிடித்த இடம் ஆர்ட்டிலரி வுட். பெயரில்தான் காடு, போசிங்க கிராமத்துக்கு வெளியே, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த சின்னத் தோட்டம். 1,300 பேர் அளவில் புதைந்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் கவிஞர்கள். இருவரும் 1917 ஜூலை 31 அன்று, பாஷண்டேல் போரின் முதல் நாளில் செத்தார்கள். இருவருமே இங்கிலாந்துக்காரர்கள் அல்ல.

ஒருவர் எல்லிஸ் எவான்ஸ். வேல்ஸ் மலையில் ஆடு மேய்த்தவர். ஹெத் வின் என்ற புனைபெயரில் வெல்ஷ் மொழியில் எழுதியவர். கட்டாய ஆள்சேர்ப்பு வந்தபோது வீட்டில் ஒரு மகன் போயாக வேண்டியிருந்தது. தம்பிக்குப் பதிலாக இவர் போனார். வெல்ஷ்காரர்களுக்கு ஐஸ்டெத்வோத் என்று வருடாந்தரக் கவிதைத் திருவிழா உண்டு. மரபு யாப்பில் எழுதிய நீள்கவிதைக்கு அங்கே ஒரு நாற்காலிதான் பரிசு. அந்த யாப்பை ஆசிரியை விளக்கியபோது, ஒரே அடிக்குள் மெய்யெழுத்துகள் வரிசை மாறாமல் திரும்பி வர வேண்டும் என்றார். எதுகை மோனையோடு வளர்ந்த எனக்கு அதன் கஷ்டம் உடனே புரிந்தது. பதுங்குகுழியில் உட்கார்ந்து அதைச் செய்ய முடியும் என்பதுதான் புரியவில்லை. ‘வீரன்’ என்று பொருள்படும் தலைப்பில் எழுதி முடித்து, பிரான்சிலிருந்து ஜூலையில் தபாலில் அனுப்பினார். செப்டம்பர் 6ஆம் தேதி பெர்க்கன்ஹெட்டில் விழா. பிரதமர் லாயிட் ஜார்ஜே வந்திருந்தார். எக்காளம் ஊதி, வென்றவரின் புனைபெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. மறுபடி, மறுபடி. பிறகு செய்தி சொன்னார்கள். காலி நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். நாற்காலியைச் செதுக்கியவர் யூஜீன் வான்ஃப்ளெட்டெரன் என்ற பெல்ஜிய அகதி. பெல்ஜியத்திலிருந்து தப்பி ஓடியவர் செய்த நாற்காலி, பெல்ஜியத்தில் புதைந்தவருக்குப் போனது.

சில வரிசை தள்ளி ஃபிரான்சிஸ் லெட்விஜ். அயர்லாந்தின் ஸ்லேன் கிராமத்தில் சாலை வேலையும் தாமிரச் சுரங்க வேலையும் பார்த்தவர். அயர்லாந்து விடுதலையை விரும்பியவர், பிரிட்டிஷ் சீருடை போட்டார். 1916 ஈஸ்டர் எழுச்சிக்காக அதே பிரிட்டன் அவர் நண்பரான கவிஞர் தாமஸ் மெக்டொனாவைச் சுட்டுக் கொன்றது. அவருக்காக லெட்விஜ் பாடிய இரங்கற்பாதான் இன்றும் நிற்கிறது. அந்த ஜூலை 31இல் அவருடைய பிரிவு, சேற்றில் பலகை போட்டு ராணுவச் சாலை அமைத்துக்கொண்டிருந்தது. தேநீர் குடிக்கும் இடைவேளையில் விழுந்த குண்டில் போனார். ஊரில் செய்த வேலையைச் செய்துகொண்டே செத்தார் என்று ஒரு பையன் சொன்னது சரிதான். ஹெத் வின்னின் கவிதையை ஆசிரியை போனில் ஓடவிட்டார். நாற்பது பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. யாரும் கொட்டாவி விடவும் இல்லை. தேர்வுக்கு இது வராது என்று அவரே சொல்லிவிட்டார்.

ஈப்பர் நகரத்தை நம்ப முடியாது. எல்லாம் இடைக்காலக் கட்டடம்போலத் தெரியும். எல்லாம் போருக்குப் பிறகு பழைய வரைபடத்தை வைத்துக் கட்டியது. பிரமாண்டமான துணி மண்டபத்தின் வேலை 1967இல்தான் முடிந்தது. உள்ளே நல்ல அருங்காட்சியகம். வெளியே சாக்லேட் கடைகளில் பாப்பிப் பூ போட்ட கோப்பை, குடை, காந்தப் பொம்மை. பிள்ளைகளின் கைச்செலவுப் பணம் இங்கே கரைந்தது.

இரவு எட்டு மணிக்கு மெனின் வாயில். 1927இல் திறந்த இந்த வளைவின் சுவர்களில், உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். அவற்றில் இந்தியப் படையினரும் உண்டு. 1928லிருந்து தினமும் எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தி, ஊர்த் தீயணைப்புப் படைத் தொண்டர்கள் வந்து ‘லாஸ்ட் போஸ்ட்’ ஊதுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலம் மட்டும் இல்லை; 1944 செப்டம்பரில் ஊர் விடுதலையான அன்று மாலையே ஆரம்பித்துவிட்டார்கள். வாயிலுக்குள் நுழையுமுன் ஆசிரியை எங்களைச் சதுக்கத்தில் நிறுத்தி, சீக்ஃபிரீட் சசூன் இந்த வாயிலைப் பற்றி எழுதிய கவிதையைக் கொடுத்தார். அந்தப் போரில் சண்டையிட்டுத் தப்பிய சசூனுக்கு இந்த ஆடம்பர வளைவு பார்க்கப் பார்க்க எரிச்சல். செத்தவர்கள் எழுந்து வந்து ஏளனம் செய்வார்கள் என்ற தொனியில் திட்டியிருக்கிறார். அதைப் படித்த கையோடு மலர்வளையம் வைக்க இரண்டு பிள்ளைகள் வரிசையில் போய் நின்றார்கள். எக்காளம் ஊதியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சசூன் சொன்னதும் சரியாகத்தான் பட்டது.

மறுநாள் தெற்கே போகும் வழியில் நியூவ் ஷாப்பெல். 1915 மார்ச்சில் இந்தியப் படை பெரிய அளவில் போரிட்ட இடம். உடல் கிடைக்காத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள், வட்டமான சுற்றுச்சுவரில். பஞ்சாப், கர்வால், நேபாளம் என்று பெரும்பாலும் வடக்கத்திப் பெயர்கள். இவர்கள் ஊருக்கு அனுப்பிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்ததால் பல நமக்குக் கிடைத்திருக்கின்றன. தணிக்கையை ஏமாற்ற, கறுப்பு மிளகு தீர்ந்துபோகிறது, இனிச் சிவப்பு மிளகாய்தான் என்கிற மாதிரி எழுதினார்கள். இந்தியச் சிப்பாயும் வெள்ளைச் சிப்பாயும்தான் அந்தச் சரக்கு. அந்தக் கடிதங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசிரியையிடம் சொன்னேன்; அவர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

கடைசியாக ஓர்ஸ். வடக்கு பிரான்சில் காட்டோரக் கிராமம். ஓவன் தன் தாய்க்குக் கடைசிக் கடிதம் எழுதியது இங்குள்ள வனக்காவலர் வீட்டின் நிலவறையில், 1918 அக்டோபர் 31 அன்று. இன்று அந்த வீட்டை முழுக்க வெள்ளையடித்து, கவிழ்த்து வைத்த புத்தகம் போலக் கூரை வைத்துக் கலைக்கூடமாக்கியிருக்கிறார்கள். நவம்பர் 4ஆம் தேதி கால்வாயைக் கடக்கும்போது சுடப்பட்டுச் செத்தார். வயது 25. ஷ்ரூஸ்பரியில் இருந்த பெற்றோருக்குத் தந்தி கிடைத்தது நவம்பர் 11 அன்று. வெளியே போர் முடிந்ததற்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்த அவருடைய பொருள்களில் ஒரு குறிப்புப் புத்தகம். அதில் கீதாஞ்சலியின் விடைபெறும் வரிகளைத் தன் கையால் எழுதி வைத்திருந்தார். தாய் சூசன் ஓவன் 1920இல் தாகூருக்கே கடிதம் எழுதி, அது எந்தப் புத்தகத்தில் வருகிறது என்று கேட்டார்.

ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் கோடியில் ராணுவக் கற்கள் ஒரு சிறு கூட்டமாக நிற்கின்றன. விக்டோரியா கிராஸ் வாங்கிய இருவர் இருக்கிறார்கள். வருகிறவர்கள் ஓவனைத்தான் தேடுகிறார்கள். கல்லின் அடியில் குடும்பத்தார் விரும்பும் வாசகத்தைப் பொறிக்கலாம். இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துக்குள் என்று விதி. சூசன் மகனின் கவிதையிலிருந்தே எடுத்தார். மூலக் கவிதையில் அது இரண்டு கேள்வி: இந்த உடல்களுக்கு உயிர் திரும்புமா, சாவையெல்லாம் அவன் துடைத்துவிடுவானா என்று. பூமி அங்கே சொல்லும் பதில், இல்லை என்பதே. கல்லில் முதல் கேள்விக்குறி இருக்கிறது, இரண்டாவது இல்லை. மகன் கேட்டது, தாய் கையில் கடவுள்மேல் உறுதியாகிவிட்டது.

ஆசிரியை கவிதையின் நகலைக் கொடுத்துவிட்டு எதுவும் சொல்லாமல் நின்றார். பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். உடனே இரண்டு கட்சி. செத்தவன் வாயில் இல்லாததை வைக்க அவளுக்கு என்ன உரிமை என்றான் ஒருவன். பெற்றவள் அவள், அவளுக்கு இல்லாத உரிமையா என்றாள் ஒருத்தி. மெக்ரே கவிதையைக் கடன் பத்திரத்துக்குப் பயன்படுத்தியதும் இதுவும் ஒன்றா என்று என் மகன் கேட்டான். அந்த யாழ்ப்பாணத்துப் பெண், ஒருவேளை இடம் பத்தாமல் விட்டிருப்பார்களோ என்று கல்லின் முன்னால் குந்தி, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். இடைவெளியோடு 65. “ஒரு குறிக்கு இடம் இருந்திருக்கு மிஸ்!” அதற்குள் இன்னொருவன் குனிந்து, கீழே கவிஞனின் முதலெழுத்துகள் இரண்டும் புள்ளியோடு இருக்கிறதே, அதைச் சேர்த்தால் வரம்பு தாண்டிவிட்டதே என்றான். முதலெழுத்து கணக்கில் சேருமா சேராதா என்று பேருந்து ஏறும்வரை சண்டை. நான் தலை எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. திரும்பிப் பார்த்தால் அவள் இன்னும் கல்லின் முன்னால், மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.